கப்பலுக்காகப் போட்ட பாதை

மதவாச்சியில் இருப்புப் பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போவது வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம். இடது கைப்பக்கம் காட்டுக்குள் வளைந்து போவது தலைமன்னார். முதல் பாதைக்கு யாழ்தேவி என்று ஒரு பெயரும், அந்தப் பெயரைக் கேட்டதும் கண் கலங்குகிற ஒரு தலைமுறையும் உண்டு. இரண்டாவதற்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. இருந்தாலும் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வருகிற எனக்கு இதுதான் நெருக்கமான பாதை. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கியவர்களின் கதை எங்கள் ஊர்த் திண்ணைகளில் ஏராளம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். இன்று அதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்புவதில்லை.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தது. சில நாட்களிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பலுக்காகவே இக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை 106 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். நடுவில் இருக்கிற ஊர்களுக்காக யாரும் அதைப் போடவில்லை. வெள்ளைக்காரத் துரைகளின் தபாலும் தோட்டங்களுக்கான ஆட்களும் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். மன்னார்த் தீவு அந்தப் பயணத்தில் ஒரு வாசற்படி. படியில் கால் வைத்தவர்கள் கடந்து போனார்கள்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, 1984-ல் போரால் நின்றது. 1990-ல் கோச்சி என்று இங்கே சொல்கிற ரயிலும் நின்றது. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் காடுதான். இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2013 மே மாதம் மடு றோட் வரைக்கும், 2015 மார்ச் 14 அன்று மிச்சமிருந்த 63 கிலோமீட்டருமாகத் திறந்தார்கள். இந்தியப் பிரதமர் மோடியே தலைமன்னாருக்கு வந்து கொடியசைத்தார். நான் போனது அந்த வருஷமே, ஜூலைக் கடைசியில். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று மூர்க்கமாக அடிக்கிற காலம்.

புதுப் பாதை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். நீளமான தண்டவாளங்களை ஒட்ட வைத்திருப்பதால் பழைய ரயிலின் தடக் தடக் இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு நிலையத்தில் கிராஸிங்குக்காக நின்றபோது இறங்கிக் குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தின் தலை மட்டும் சக்கரம் உரசி வெள்ளியாக மின்னியது; பக்கவாட்டில் செம்பழுப்புத் துரு. கருங்கல் ஜல்லியில் எண்ணெய்க் கறை இன்னும் ஏறவில்லை, உடைத்த அன்றைய சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. காங்கிரீட் சிலீப்பர்களில் வார்த்த வருஷம் பதிந்திருந்தது. கரைமேட்டின் கிரவல் மண்ணில் அப்போதுதான் தொட்டாற்சிணுங்கி படரத் தொடங்கியிருந்தது. அதற்கு அப்பால், பத்தடி தள்ளி, பழைய நிலையத்தின் அரைச் சுவர். கூரை இல்லை, சன்னல் இருந்த இடத்தில் ஓர் ஆலங்கன்று. புது நிலையக் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சு. பழையதை இடித்துத் தள்ளாமல் விட்டது சோம்பலா, கருணையா தெரியவில்லை. எதுவானாலும் நல்லது.

முதலில் வருகிற பெரிய பெயர் செட்டிகுளம். ஊர் சின்னது. 2009-க்குப் பிறகு உலகம் முழுக்க இந்தப் பெயர் செய்தியில் வந்தது. போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை அடைத்து வைத்த மனிக்பாம் முகாம்கள் இங்கேதான் இருந்தன. 2012 செப்டம்பரில் கடைசி ஆட்களையும் அனுப்பி மூடினார்கள். ரயில் சன்னலில் இருந்து பார்த்தால் பற்றைக்காடும் வீரை மரமும் தெரிகின்றன. பெட்டியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எதிர்சீட்டில் இருந்த பேசாலைக்கார அம்மா கச்சான் கடலையை உரித்து என் கையில் போட்டார்.

"எங்க இறங்கப் போறீங்க தம்பி?"

"தலைமன்னார் பியர் வரைக்கும் போறேன்மா."

"அங்க என்ன இருக்கு, கடல்தான் இருக்கு."

அனுராதபுரம் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர் அவர். முழங்காலில் கட்டு. முன்னெல்லாம் பஸ்ஸில் போய்வந்தால் இரண்டு நாளைக்கு முதுகு நிமிராதாம். "இப்ப எங்கட கோச்சி இருக்கு" என்றார். பாதையைத் திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அது 'எங்கட' ஆகிவிட்டது. நூறு வருஷத்துப் பழைய பாதையை இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று யோசித்தேன்.

மடு றோட் நிலையத்தில் பாதிப் பெட்டி எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டது. மடு மாதா கோயில் நிலையத்தை ஒட்டி இல்லை, வடக்கே காட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் அந்தத் திசை பார்த்துக் கைகூப்புவதில் யாருக்கும் குழப்பமில்லை. சைவர்கள் சிலரும் கும்பிட்டார்கள். ஆடி மாதத்திலும் ஆவணியிலும் நடக்கிற திருவிழாக்களுக்குக் குடும்பத்தோடு வந்து, காட்டில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் தங்குவது இந்நாட்டு வழக்கம். தமிழரும் சிங்களவரும் ஒரே மரத்தடியில் அடுப்பு மூட்டுகிற இடங்கள் இலங்கையில் அதிகம் இல்லை.

மடு மாதாவும் ஓர் அகதிதான். கரையோரத்தில், மாந்தையில் இருந்த சொரூபம் அது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தத் தொடங்கியபோது, 1670 வாக்கில், மாந்தைக் குடும்பங்கள் சில அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. காடு அந்தக் காலத்தில் கண்டி ராசாவின் எல்லையை ஒட்டியது. ஒல்லாந்தன் கை எட்டாது. ஓடிவந்து ஒளிந்த இடமே திருத்தலம் ஆயிற்று. 1999 நவம்பரில், போருக்குப் பயந்து கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது ஷெல் விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2008-ல் சண்டை வாசலுக்கே வந்தபோது குருமார் சொரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குப் போனார்கள். அதே ஆண்டு திரும்பிவந்தது. 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் ஹெலிகாப்டரில் வந்து இங்கே செபம் செய்தார். அன்று கோச்சி மடு றோட்டோடு நின்றிருந்தது. மன்னார்ச் சனம் பஸ்ஸிலும் லொறியிலும் போய் அவரைப் பார்த்தது.

மடுவைத் தாண்டினால் காடு மெலிந்து வயல் வருகிறது. முருங்கன். கட்டுக்கரைக்குளத்துப் பாய்ச்சலில் விளைகிற பூமி இது. வெள்ளைக்காரர்கள் அந்தக் குளத்துக்கு இராட்சதனின் குளம் என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டினான் என்பார்கள். அருவியாற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து, கண்ணுக்கெட்டாத அகலத்தில், ஆனால் ஆழமே இல்லாமல் பரப்பி வைத்திருக்கிறார்கள். கோடையில் பாதிக் குளம் மாடு மேய்கிற புல்வெளி. மாரியில் நிறைந்தால் கடல். பெட்டியில் இருந்த விவசாயி ஒருவர் சிறுபோகத்துக்குக் கிடைத்த தண்ணீர் பற்றி விரிவாகத் திட்டிக்கொண்டு வந்தார். திட்டுகிறவருக்குத் திட்ட வயல் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முருங்கனிலிருந்து தெற்கே சிலாவத்துறைக்கு ஒரு சாலை பிரிகிறது. ரயில் அந்தப் பக்கம் போகாது; ஆனால் மன்னார்க் கரையின் பழைய பணமெல்லாம் அந்தப் பக்கம்தான் புரண்டது. முத்து. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. முத்துக்குளிப்பு அறிவித்துவிட்டால் வெறும் மணல்மேட்டில் ஒரு நகரமே எழும்பும். சந்தை, கச்சேரி, ஆஸ்பத்திரி, சிறைச்சாலை எல்லாம் ஓலையில். கீழக்கரை, தூத்துக்குடி ஆட்களும் அரபு நாட்டு ஆட்களும் குளிக்க வருவார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டி கரையில் நின்று செபிக்காமல் ஒருவனும் தண்ணீரில் இறங்கமாட்டான். அந்தக் கடல்கட்டிக்குப் பிரிட்டிஷ் அரசாங்கமே சம்பளம் கொடுத்தது! நம்பிக்கை இல்லாமல்தான், கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. முதல் பிரிட்டிஷ் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்கவென்றே அரிப்புக் கரையில் தூண் வைத்த மாளிகை ஒன்றைக் கட்டினார். உள்ளூரில் அதற்கு அல்லிராணிக் கோட்டை என்று பெயர். நோர்த்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள், அல்லிராணி இருக்கிறாள். கோட்டையைக் கடல் ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது.

1905-ல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். அடுத்த ஆண்டு அரசாங்கம் முத்துப் படுகையை இருபது வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. கம்பெனி சில வருஷத்தில் நொடித்தது, சிப்பியைக் காணோம். மன்னார்க் கடலின் சுபாவம் இது. தருகிற வருஷம் கூரையைப் பிய்த்துக்கொண்டு தரும். தராத வருஷம் யார் குத்தகை எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காது.

ரயில் மாதோட்டம் நிலையத்தைத் தாண்டியதும் திடீரென்று வானம் பெரிதாகிவிடுகிறது. மரம் இல்லை. உப்பு பூத்த சேறு, முட்பற்றை, தூரத்தில் வங்காலைக் கோயில் கோபுரம். மாரி காலத்தில் இந்தச் சேற்றில் தண்ணீர் நின்று, பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தை 2010-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஜூலையில் பூநாரை இல்லை. நாலைந்து மாடும் ஒரு கழுதையும்தான். காற்றில் பெட்டிக்குள் உப்பு வாசம் வந்து ஒட்டியது.

திருக்கேதீஸ்வரம் என்று மஞ்சள் பலகை. தேவாரம் படித்த எந்தத் தமிழனுக்கும் அந்தப் பெயரை ரயில் நிலையப் பலகையில் பார்க்கையில் உடம்பு சிலிர்க்கும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இராமேசுவரத்தில் நின்று கடலுக்கு இப்பால் இருந்த இறைவனைப் பாடினார்கள் என்பது மரபு. மாதோட்டம் என்கிற மாந்தை அன்று பெருந்துறைமுகம். அனுராதபுர அரசர்களின் கடல்வாசல். சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் மாந்தையின் மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்ததை 1980-களில் அகழ்ந்தவர்கள் எடுத்தார்கள். கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கல்லைக் கொண்டுபோய் மன்னார்க் கோட்டைக்கு வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இடம் காடாகி, ஆறுமுக நாவலர் எழுதிக் கிளப்பி, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழும்பி, 1976-ல் குடமுழுக்குக் கண்டு, அடுத்த போரில் இராணுவத்திடம் போய் மறுபடி வந்த கோயில். நான் போனபோது இந்திய உதவியில் கருங்கல் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. உளிச் சத்தம் பாலாவிக் குளக்கரை வரை கேட்டது. மாமல்லபுரத்துப் பக்கத் தமிழில் ஒருவர் "அந்தக் கல்லப் பார்த்து வைய்யி" என்று கத்திக்கொண்டிருந்தார். 2022 ஜூலையில்தான் குடமுழுக்கு முடிந்தது.

இந்த மண்ணைத் தோண்டினால் எது வரும் என்று சொல்லமுடியாது. 2013 கடைசியில் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் குழி வெட்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. 2018-ல் மன்னார் நகரில் சதொச அரசுக் கடைக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது முந்நூறுக்கும் மேல். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அவற்றில் சில மாதிரிகளைக் காலக்கணிப்புச் செய்து, 15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை என்றது. அந்த விடையோடு வழக்கு முடிந்துவிடவில்லை. போரில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற தாய்மாருக்கு அது ஒரு விடையே இல்லை. சீனப் பீங்கான் வந்த அதே மண்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீஸ்வரம் செல்லும் வழியில் போட்ட அலங்கார வளைவை ஒரு கூட்டம் பிடுங்கி எறிந்தது. சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பிரச்சினை. மடு றோட்டில் எல்லாரும் சேர்ந்து கும்பிட்டதைப் பார்த்த எனக்குச் செய்தி படித்து வலித்தது. மன்னாரைப் பற்றி எழுதுகிறவர்கள் மத நல்லிணக்கம் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். அங்கே இருக்கிறவர்கள் சேர்ந்தும் வாழ்கிறார்கள், சண்டையும் பிடிக்கிறார்கள்.

அப்புறம் கடல். தரவையிலிருந்து தீவுக்கு நீண்ட கரைமேட்டில் ரயில் ஊர்கிறது. பக்கத்தில் 2010-ல் ஜப்பான் உதவியில் கட்டிய புது வீதிப்பாலம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர்; முழங்காலளவில் நின்று வலை வீசுகிறவர்கள். கோட்டை இடது பக்கம் தெரிகிறது. 1560-ல் போர்த்துக்கேயர், 1658-ல் ஒல்லாந்தர், 1795-ல் பிரிட்டிஷார் என்று கைமாறியது. அதை ஒரு தடவை சுற்றி வந்தேன்; கொத்தளம், இடிந்த கோயில், ஆடு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளிமுனைப் பெருக்க மரம் வேறு. எழுநூறு வருஷத்து மரம் என்கிறார்கள். உயரம் நாலைந்து ஆள்தான், சுற்றளவு பத்தொன்பது மீட்டருக்கும் மேல். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழக்கு. தோலைத் தொட்டால் யானைத் தோல், சுருக்கத்துக்குள் சுருக்கம். ஒரு பக்கத்தில் காதலர் பெயர்கள் செதுக்கி, அவை மரத்தோடு வளர்ந்து எழுத்து அகன்று கிடந்தன. மரத்தைக் கொண்டுவந்த அரபிகளே கழுதையும் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். ஒட்டகம் போய்விட்டது, கழுதை இருக்கிறது. மன்னார் நகரில் மாடு மாதிரிக் கழுதைகள் திரிகின்றன. பஸ் நிலையத்தில் படுத்திருக்கும், மரக்கறிக் கடைவாசலில் காத்திருக்கும். உரிமையாளர் என்று யாருமில்லை. பின்னாளில் அவற்றுக்கென்று சிகிச்சை நிலையமே வந்துவிட்டது.

மன்னார் நிலையத்தைத் தாண்டினால் தீவின் நடுமுதுகு. இரண்டு பக்கமும் பனை, வெண்மணல். தோட்டவெளியில் சிறிது நேரம் நின்றது. 1544-ல் இந்தத் தீவில்தான் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்ச் சனத்தை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். அறுநூறு பேர் என்பது கணக்கு. பிரான்சிஸ் சவேரியாருக்கு இவர்கள்தான் ஆள் அனுப்பிக் குரு கேட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் குதிரை மீது வாளேந்திச் சிலையாக நிற்கிற சங்கிலி வேறு ஆள், கடைசி அரசன். ஆனாலும் அந்தப் பெயர் நல்லூரில் ஒலிப்பது போலத் தோட்டவெளியில் ஒலிக்காது. இங்கே அது சாவின் பெயர்.

எருக்கலம்பிட்டிக்கு நிலையம் இல்லை, பெட்டியில் இருந்து பள்ளிவாசல் மினாரா தெரியும். 1990 அக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லிப் புலிகள் உத்தரவிட்டார்கள். மூட்டை முடிச்சோடு கரைக்கு வந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். மழைக்காலக் கடல். கைக்குழந்தைகளும் முதியவர்களும். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009-க்குப் பிறகு பலர் திரும்பினார்கள். பாதிப் பேருக்கு வீடு இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. மன்னாரில் ஏறிய இளைஞர் ஒருவர் எருக்கலம்பிட்டி என்று சொன்னார். "நான் புத்தளத்தில பிறந்தன். உம்மாதான் சொல்லிச் சொல்லி இந்த ஊரக் காட்டினா. வந்து பாத்தா அவ சொன்ன கிணறு இல்ல" என்று சிரித்தார். தமிழர்கள் தங்கள் இழப்பை எழுதுகிற நீளத்துக்கு இதை எழுதியதில்லை. நான் உட்பட.

பேசாலையில் அந்த அம்மா இறங்கினார். இறங்கும்போதே பிளாட்பாரத்தில் யாரோ ஒருத்தியிடம் மீன் விலை கேட்டார். தீவின் வடகரையில் பெரிய ஊர், வெற்றிமாதா கோயில், கடற்கரை முழுக்கப் படகும் கருவாட்டுப் பரப்பும். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகடல்தான் சோறு போடும். காற்று திசைமாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு மறுகரைக்குப் போய்விடுவார்கள். 2006 ஜூனில் சண்டைக்குப் பயந்து கோயிலுக்குள் ஓடிய சனத்தின் மீதே தாக்குதல் நடந்தது. நான் போனபோது அந்தக் கோயிலில் பாஸ்கு நாடக ஒத்திகைக்குப் போட்ட பலகைமேடை ஒன்று மழையில் கறுத்து நின்றது.

தலைமன்னார் இறங்குதுறை. தண்டவாளம் இங்கே முடிகிறது. நூறு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் முடியாமல், கப்பலின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. புது பிளாட்பாரத்துக்கு அப்பால் பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. பலகை கழன்ற இடங்களில் தண்ணீர் தெரிகிறது. ஒரு கம்பத்தில் கை வைத்தேன்; துரு தகடு தகடாக உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது, உள்ளே இன்னும் கெட்டி. பக்கத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். கடற்படைக் காவலர் ஒருவர் எங்கள் எல்லாரையும் சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பாலத்தில் நடந்து போனவர்களில் பெரும்பாலோர் உல்லாசப் பயணிகள் அல்ல. 1820-களில் காப்பித் தோட்டம் தொடங்கியது முதல் எங்கள் பக்கத்துச் சனம் இந்தக் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தது. வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்தார்கள். ரயில் வந்த பிறகு நடை குறைந்தது, மண்டபம் முகாமில் தனிமைப்படுத்திச் சோதித்துக் கப்பலேற்றினார்கள். 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று இரண்டு தலைநகரங்கள் கணக்குப் போட்டன. தலைமுறை தலைமுறையாய்த் தேயிலை கிள்ளியவர்களை மலையிலிருந்து இறக்கி இதே தண்டவாளத்தில் கொண்டுவந்து 'ராமானுஜம்' கப்பலில் ஏற்றினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஹட்டன் நிலையத்தில் தொடங்கிய அழுகை இங்கேதான் ஓயும், அல்லது ஓயாமல் கப்பலேறும். 2023-ல் மலையகத் தமிழர் இருநூறு ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள்.

போர்க்காலத்தில் இதே கரையிலிருந்து எதிர்த்திசை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் இரவில் படகேறி அரிச்சல்முனையில் இறங்கினவர்களுக்கு மண்டபத்தில் கிடைத்தது அன்று தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய அதே முகாம் கட்டடங்கள். சில படகோட்டிகள் இராமர் பாலத்து மணல்திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிப் போய்விடுவார்கள். விடிந்தால் சுற்றிலும் கடல். 2022 மார்ச்சில், பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் இலங்கை முழுவதும் வரிசையில் நின்றபோது, மறுபடி அதே மணல்திட்டு, அதே அரிச்சல்முனை.

பாலத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இராமேசுவரத்தில் படம் பார்த்துவிட்டு வந்த கதையை அவரும் சொன்னார். இந்தக் கரையில் அறுபது தாண்டிய எல்லாரிடமும் அப்படி ஒரு கதை உண்டு, பெரும்பாலும் எம்ஜிஆர் படம்.

"கப்பல் திரும்ப விட்டா நல்லதுதானே ஐயா?" என்றேன்.

"கப்பல் வரட்டும் தம்பி. ஆனா உங்கட றோலர்தான் முதல்ல வருது. திங்கள், புதன், சனி. அண்டைக்கு நாங்க வலை விடமாட்டம். விட்டா அடுத்தநாள் வலை இருக்காது."

றோலர் என்றால் எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகு. 'உங்கட' என்றபோது குரலை உயர்த்தவில்லை. எனக்கும் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிய பேச்சு எப்போதும் கடற்படை பிடித்த மீனவரில் தொடங்கி அங்கேயே முடியும். இழுவைமடி தரையை வாரிக்கொண்டு போனபின் இந்தக் கரையில் மிஞ்சுவது பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவது குறைவு. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. கடலில் சட்டம் தெரிவதில்லை.

அந்த ஜூலையில் தென்கரையில் காற்றாலை எதுவும் இல்லை. 2020 டிசம்பரில் தம்பபவனி என்று முப்பது காற்றாலைகள் வந்தன. அதன்பின் இன்னும் வேண்டும் என்கிறவர்களுக்கும், பறவைத் தடம் கெடுகிறது, வெள்ளம் வடிவதில்லை, மணலையும் கனிமத்துக்கு அள்ளப்போகிறார்கள் என்று மறிக்கிறவர்களுக்கும் இடையே போராட்டம். 2025-ல் தீவே தெருவுக்கு வந்தது. சோளகத்தில் ஒருநாள் அங்கே நின்றவனுக்குக் காற்றாலைக்காரர்கள் ஏன் மன்னாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றாது. ஊர்க்காரனைக் கேட்டார்களா என்றுதான் தோன்றும்.

கப்பல் வேறு பக்கம் போய்விட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள்; நின்று, மறுபடி 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று மோடி காலையில் அனுராதபுரத்தில் புதுப்பித்த ரயில் பாதையைத் திறந்துவைத்துவிட்டு, அங்கிருந்து பறந்துபோய் அன்றைக்கே புதுப் பாம்பன் பாலத்தையும் திறந்தார். இரண்டு கரையிலும் தண்டவாளம் புதிது. நடுவில் உள்ள முப்பது கிலோமீட்டரை அவர் ஹெலிகாப்டரில் இருந்து பார்த்தார். மற்றவர்கள் விமானம் ஏறியோ வேறு துறை வழியாகவோ சுற்றிவந்துதான் இங்கே சேரவேண்டும்.

ஆனால் கப்பல் இல்லாத குறை எனக்குத்தான் பெரிதாகப் பட்டது என்பதை அந்த ஜூலையில் திரும்புகிற ரயிலில் பார்த்தேன். தலைமன்னாரில் ஐஸ்பெட்டியில் மீன் ஏறியது. தலைமன்னார் கிராமத்தில் சீருடைப் பிள்ளைகள். பேசாலையில் ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு. துரைமாரின் தபாலுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் போட்ட பாதையில், கப்பல் போனபின்தான், உள்ளூர்ச் சனம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மன்னார் நிலையத்தில் வண்டி கொஞ்சம் தாமதித்தது. நாலைந்து பெண்கள் நிலைய அதிபரை மறித்து நின்றார்கள். மடு ஆவணித் திருவிழாவுக்கு இரண்டு பெட்டி கூட்டிவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். கடிதம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை என்றார் அவர்.

"ரெண்டு பெட்டிக்கு எங்கட பங்கு ஆக்களே வருவாங்க சேர். சட்டி பானை வேற இருக்கு."

"சட்டி பானைக்குத் தனியா டிக்கெட் எடுக்கோணும்."

"எடுக்கிறம். பெட்டிய விடுங்க முதல்ல."